திறமையின் செருக்கும் தலைமையின் பொறுப்பும்

நாலுபேர் கூடி ஒரு காரியத்தை நடத்தும் இடம் எதுவாயினும், அது அரசாங்கக் காரியாலயமாகட்டும், பஞ்சாலையாகட்டும், கல்லூரியாகட்டும், தம்மைப் பற்றித் தம் தகுதிக்கு மிஞ்சிய அபிப்பிராயம் கொண்டவர் ஒருவராவது அங்கே இருப்பார் என்பது, நிர்வாகத்தில் சில ஆண்டுகள் பழகிய எவரும் அறிந்த விஷயம். கூட்டத்தில் பிறர் பேச்சை முடிக்க விடமாட்டார். தாம் இல்லாவிட்டால் வேலையே நின்றுபோகும் என்பார். வெற்றி வந்தால் தம் பெயரிலும், தவறு நேர்ந்தால் பிறர் பெயரிலும் கணக்கு எழுதுவார். தலைக்கனம் பிடித்தவர் என்று பழைய ஊழியர்களும், ஈகோ பிடித்த ஆள் என்று இளைஞர்களும் முணுமுணுப்பார்கள். மேலதிகாரியோ அவரிடம் பேச வேண்டியதை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். இத்தகையவரை என்ன செய்வது என்று கேட்டால், தட்டி அடக்க வேண்டும் என்ற விடையையும், காரியம் ஆகும்வரை அனுசரித்துப் போக வேண்டும் என்ற விடையையும் உலகம் எப்போதும் கைவசம் வைத்திருக்கிறது. இரண்டும் பலித்ததற்கும் சரித்திரத்தில் சாட்சியம் உண்டு. இரண்டும் காரியத்தைப் பாழாக்கியதற்கும் சாட்சியம் உண்டு. எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது பொருந்தும் என்று நிர்ணயிப்பதற்கு, அந்தச் செருக்கின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தென்படவில்லை. மேலதிகாரி தம் சொந்த கௌரவத்திலிருந்து அந்த விலையைக் கொடுத்துத் தீர்க்க முடியுமானால் கொடுக்கலாம். அது கீழே உள்ளவர்கள் தலையிலோ, எடுத்த காரியத்தின் தலையிலோ விழுமானால் பொறுத்துக்கொள்வது தவறு.

முதலில், இந்தச் சுபாவம் எப்படி வளர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கனடா தேசத்து மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணவனையும் மனைவியையும் தனித்தனியே அழைத்து, வீட்டு வேலைகளில் தம் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்ன பங்குகளையும் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலான வேலைகளில் அது முழுமைக்கு மேலே போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை. தாம் செய்தது ஒவ்வொன்றும் தமக்கு நினைவிருக்கிறது. பிறர் செய்தது கண்ணில் பட்ட அளவுக்கே நினைவிருக்கிறது. ஒரு குடும்பத்தில் நிகழும் இது, நூறு பேர் உழைக்கும் ஸ்தாபனத்தில் நிகழாமலிருக்க நியாயமில்லை. ஆகவே, தம் பங்கை மிகைப்படுத்திச் சொல்பவர் எல்லோரையும் துர்க்குணமுடையவர் என்று தள்ளிவிடுவது அநியாயம். அவர்களில் பலருக்கு வேண்டிய பரிகாரம், யார் யார் என்ன செய்தார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படும்படி வேலையைப் பதிந்து வைப்பதே. இன்னொரு வகையினர் உண்டு. தம்மைப் பற்றிய உயர்ந்த மதிப்பு வெளியார் கண்டனத்தால் தாக்கப்படும்போது சீறி எழுபவர்கள் இவர்கள். தன்னையே வியந்துகொள்ளும் சுபாவம் மிகுந்தவர்கள், தம்மை இகழ்ந்தவர்மீது மற்றவர்களைவிடக் கடுமையாகப் பாய்கிறார்கள் என்று 1998-ல் பிராட் புஷ்மன், ராய் பௌமைஸ்டர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். நாலு பேர் நடுவே மூக்கறுத்தால் அடங்கிவிடுவான் என்று நம்பும் அதிகாரிகள் நம்மிடையே அநேகர். அந்த முறை இந்த வகையினரிடம் எரியும் கொள்ளியை விசிறுவது போன்றதுதான்.

செருக்கு எல்லாமே ஆதாரமற்றது என்று நினைப்பதும் பிழை. சர் சி. வி. ராமன் 1930-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே, ஜூலையிலேயே, ஸ்டாக்ஹோமுக்குக் கப்பல் பிரயாணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார் என்பது பிரசித்தம், பரிசும் வந்தது. தம் கண்டுபிடிப்பின் பெறுமதியை அவர் அறிந்த அளவுக்கு அப்போது அறிந்தவர் உலகத்தில் மிகச் சிலரே. ஆனால் அதே தன்னம்பிக்கையுடன் அவர் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக அமர்ந்தபோது, ஆசிரியர்களுடனும் நிர்வாக சபையுடனும் பிணக்கு மூண்டு, 1937-ல் அப்பதவியைத் துறக்க நேர்ந்தது. குற்றம் முழுவதும் அவருடையது என்று நான் சொல்லமாட்டேன். அவர் அங்கே கொண்டுவர விரும்பிய ஆராய்ச்சி வேகம் தேசத்துக்குத் தேவையான வேகம். எனினும், பேராசிரியராக அங்கேயே 1948 வரை இருந்து பணி செய்ததும், பின்னர்த் தம் பெயரால் தனி ஆராய்ச்சி நிலையம் கண்டதும், அவருடைய மேதைக்கு உகந்த இடம் ஆராய்ச்சிக் கூடமே என்பதைத் தெளிவாக்குகின்றன. ஒருவன் தன் தொழிலில் நிகரற்றவன் என்பதற்காகப் பத்துப்பேரை ஆளும் நாற்காலியை அவனுக்குப் பரிசாகக் கொடுப்பது நம் ஸ்தாபனங்களில் வேரூன்றிவிட்ட வழக்கம்; இந்த விவகாரத்தில் பாதித் துன்பம் அந்த வழக்கத்திலிருந்தே பிறக்கிறது.

மேலானவர் பொறுத்துக்கொள்வதற்கும் பொறுக்க மறுப்பதற்கும் உள்ள எல்லைக்கு ஆபிரகாம் லிங்கனுடைய நடத்தையைப் போல விளக்கமான உதாரணம் வேறு காண்பது அரிது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1861 ஜூலையில் புல் ரன் என்ற இடத்தில் வடவர் படை சிதறி ஓடிவந்த பிறகு, அதைத் திரட்டிப் பயிற்றுவிக்கும் பொறுப்பு 34 வயதே நிரம்பிய ஜார்ஜ் மெக்கிளெல்லன் என்ற தளபதிக்குக் கிடைத்தது. நவம்பரில் அவர் எல்லாப் படைகளுக்கும் தலைவரானார். படையை ஒழுங்குபடுத்துவதில் அவருக்கு இருந்த திறமையை எதிரிகளும் மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் ஜனாதிபதியைத் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் மிருகத்தோடு ஒப்பிட்டு இகழும் அளவுக்கு அவருடைய அகம்பாவம் முற்றியிருந்தது. அந்த நவம்பர் 13-ஆம் தேதி மாலையில் லிங்கன், அமைச்சர் ஸீவர்டையும் காரியதரிசி ஜான் ஹேயையும் அழைத்துக்கொண்டு தளபதியின் வீட்டுக்குப் போனார். தளபதி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் கூடத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மூவரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்த மெக்கிளெல்லன், ஜனாதிபதி காத்திருக்கிறார் என்று வேலைக்காரன் சொன்ன பிறகும், அந்த அறை வாசலைக் கடந்து நேரே மாடிக்கு ஏறிவிட்டார். மேலும் அரை மணி கழித்து மறுபடி சொல்லி அனுப்பியபோது, தளபதி தூங்கப் போய்விட்டார் என்ற பதில் வந்தது. ஹே கொதித்துப்போய்த் தம் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்தார். லிங்கனோ, மரியாதையையும் சொந்த கௌரவத்தையும் பற்றி வழக்காடுவதற்கு இது சமயமன்று என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டு நடந்தார்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் அடுத்த ஆண்டில் நடந்ததையும் படிக்க வேண்டும். அன்றிரவு அவமானம் அடைந்தது லிங்கன் ஒருவரே. அவர் அதைத் தாமே விழுங்கிக்கொண்டார். ஆனால் 1862 வசந்தத்தில் படை புறப்பட்ட பின்பு, எதிரியின் எண்ணிக்கையைப் பல மடங்கு மிகைப்படுத்திக்கொண்டு தளபதி தயங்கித் தயங்கி நின்றதன் விலை சிப்பாய்களின் உயிராகவும், யுத்தத்தின் நீட்சியாகவும் விழத் தொடங்கியது. தலைமைத் தளபதி பதவியை மார்ச்சிலேயே லிங்கன் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்; ஒரு படையை மட்டும் அவர் கையில் விட்டார். செப்டம்பர் 17-ல் ஆன்டீட்டம் என்ற இடத்தில் ஒரே நாளில் இரு தரப்பிலும் ஏறக்குறைய 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் விழுந்த போருக்குப் பிறகு, பின்வாங்கிச் சென்ற பகைவனைத் துரத்தாமல் மாதத்துக்கு மேல் அவர் சும்மா இருந்தார். லிங்கன் நேரில் போய்ப் பார்த்தார், கடிதங்கள் எழுதினார், தூண்டினார். நவம்பர் 5-ல் நீக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். தம்மைக் கூடத்தில் காக்கவைத்த மனிதனை அவர் மன்னித்தார். படையைக் காக்கவைத்த மனிதனை மன்னிக்கவில்லை. இரண்டையும் ஒரே மனிதரிடம், ஒரே ஆண்டுக்குள், கலக்காமல் பிரித்து நிறுத்தியதுதான் லிங்கனுடைய பெருமை என்பது என் துணிபு. நம் அதிகாரிகளில் பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். தம் அறைக்குள் வணக்கம் சொல்லாமல் நுழைந்தவனை ஜன்மத்துக்கும் மறப்பதில்லை. அதே ஆள் கீழே உள்ள குமாஸ்தாவைத் தினமும் அழவைப்பதைக் கண்டும் காணாமல் இருப்பார்கள்.

இரண்டாவது உலகப் போரில் நேசநாட்டுப் படைகளின் தலைவரான ஐசனோவர் பெற்ற சேனாதிபதிகள் மெக்கிளெல்லனைவிடக் கடினமானவர்கள். 1943 ஆகஸ்டு 3-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும், ஸிஸிலித் தீவில் இருந்த போர்க்கள ஆஸ்பத்திரிகளுக்குப் போன அமெரிக்கச் சேனாதிபதி ஜார்ஜ் பாட்டன், உடம்பில் காயமில்லாமல் மனம் கலங்கிப் படுத்திருந்த இரண்டு சிப்பாய்களைக் கோழை என்று திட்டி அறைந்தார். அவர்களில் ஒருவருக்கு மலேரியா என்று பிறகு தெரிந்தது. செய்தி வந்ததும் ஐசனோவர் கைப்பட ஒரு கடுமையான கண்டனக் கடிதம் எழுதினார். அறைபட்டவர்களிடமும், பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர்களிடமும், தாதிகளிடமும் மன்னிப்புக் கேட்கும்படி கட்டளையிட்டார். ஆனால் அவரைத் துரத்திவிடவில்லை. கண்டனம் அந்தரங்கமானது, பரிகாரமோ பாதிக்கப்பட்டவர்கள் முன்னிலையில் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பின்பு, ஸிஸிலியில் தமக்குக் கீழே பணி செய்த ஓமர் பிராட்லிக்கே கீழ்ப்பட்டு நிற்கும் நிலை பாட்டனுக்கு வந்தது. நார்மண்டிப் படையெடுப்பின்போது, இல்லாத ஒரு சேனைக்குத் தலைவராக அவரைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் நிறுத்தி, தாக்குதல் கலே துறைக்கே வரும் என்று ஜெர்மானியரை நம்பவைத்தார்கள். பாட்டனில்லாமல் பெரும் படையெடுப்பு நடக்காது என்று பகைவனே எண்ணியிருந்தபடியால், அவருடைய கீர்த்தியே ஓர் ஆயுதமாயிற்று. 1944 டிசம்பரில் ஆர்டென்னஸ் காட்டில் ஜெர்மானியர் உடைத்துக்கொண்டு வந்தபோது, 48 மணி நேரத்தில் மூன்று டிவிஷன்களை வடக்கே திருப்புவதாக அவர் ஒப்புக்கொண்டு, சொன்னபடி செய்து, பாஸ்டோன் நகரத்தின் முற்றுகையை நீக்கினார். யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியில் நிர்வாகம் செய்யும் பொறுப்பில் அவர் நாவடக்கமின்றிப் பேசி நாட்டின் கொள்கைக்கே ஊறு செய்யத் தொடங்கியதும், 1945 செப்டம்பரில் அதே ஐசனோவர் அவரைப் பதவியிலிருந்து விலக்கினார்.

ஐசனோவருக்குக் கீழே இருந்த பிரிட்டிஷ் சேனாதிபதி மாண்ட்கோமரியின் கதையில் நமக்கு வேறொரு பாடம் கிடைக்கிறது. 1944 செப்டம்பர் 10-ல் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், முழங்காலில் அடிபட்டிருந்த ஐசனோவரின் விமானத்துக்குள்ளேயே வந்து, அவருடைய யுத்தத் திட்டத்தைத் தாறுமாறாகச் சாடினார் மாண்ட்கோமரி. ஐசனோவர் குரலை உயர்த்தவில்லை. மாண்ட்கோமரியின் முழங்காலில் கையை வைத்து, நிதானம் இழக்க வேண்டாம், நான் உமக்கு மேலதிகாரி, என்னிடம் இப்படிப் பேசக் கூடாது என்று சொன்னார்; மாண்ட்கோமரி வருத்தம் தெரிவித்தார். மூன்றரை மாதத்தில் மறுபடியும் தரைப்படை முழுவதும் தம் கையில் வேண்டும் என்று கடிதம் எழுதினார். இந்தத் தடவை, அவரா நானா என்று கூட்டுத் தலைமைக்கு எழுதிவிட ஐசனோவர் தயாராகிவிட்டார். அதை முதலில் உணர்ந்தவர் மாண்ட்கோமரியின் படைத்தலைமையகத்தின் முதன்மை அதிகாரியான பிரெடி டி கிங்காண்ட். டிசம்பர் 30-ல் மோசமான பருவநிலையில் விமானமேறி ஐசனோவரிடம் போய், ஒரு நாள் அவகாசம் கெஞ்சிப் பெற்று, திரும்பி வந்து தம் தலைவரிடம் உண்மையை உள்ளபடி சொன்னார். தம்மை நீக்க முடியும் என்பதே மாண்ட்கோமரியின் மனத்தில் அதுவரை தோன்றியிருக்கவில்லை. டி கிங்காண்ட் எழுதிக் கொடுத்த கடிதத்தில் கையெழுத்திட்டு, முந்திய கடிதத்தைக் கிழித்துவிடும்படி வேண்டிக்கொண்டார். செருக்குடையவருக்கு உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரு நம்பிக்கையான மனிதர் அருகில் இருப்பது, பத்து மெமோக்களைவிடப் பயனுள்ளது. இத்தகைய மனிதர் நம் காரியாலயங்களிலும் இருக்கிறார். பெரும்பாலும் பதவியில் சிறியவர், பழகியவர், இருதரப்பாரும் மதிப்பவர். அவரைக் கோள்மூட்டி என்று ஒதுக்காமல், அவருக்கு இடங்கொடுக்கத் தெரிந்த நிர்வாகி பாக்கியசாலி.

அனுசரித்துப் போவதற்கும் ஒரு செலவு உண்டு. அமெரிக்க அணுகுண்டு செய்யப்பட்ட லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் கோட்பாட்டுப் பௌதிகப் பிரிவின் தலைமை தமக்குக் கிடைக்காமல் ஹான்ஸ் பெத்தேக்குக் கிடைத்ததில் மனம் புண்பட்ட எட்வர்ட் டெல்லர், அணுகுண்டுக்கு அவசரமாக வேண்டிய கணக்குகளைச் செய்ய மறுத்துத் தம் மனத்துக்கு உகந்த ஹைட்ரஜன் குண்டு ஆராய்ச்சியிலேயே ஆழ்ந்தார். கூடத்தின் இயக்குநரான ஓப்பன்ஹைமர் 1944-ல் அவரை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துத் தனிக்குழு அமைத்துக் கொடுத்தார்; பெரும் வேலைகளின் நடுவே வாரம் ஒரு மணி நேரம் அவருக்கென்று ஒதுக்கிப் பேசினார். கூடத்தின் வேலை தடைப்படாமல் நடந்தது. ஆனால் டெல்லர் விட்டுப்போன இடத்தை நிரப்ப வந்த ருடால்ப் பயர்ல்ஸின் குழுவில் ஒருவர் கிளாஸ் ஃபுக்ஸ். அவர் ரஷ்யாவுக்கு உளவு சொன்னது 1950-ல் வெளிப்பட்டது. டெல்லருக்குத் தனிக்குழு கொடுத்துப் பத்தாண்டு கழித்து, 1954-ல் ஓப்பன்ஹைமர்மீது நடந்த பாதுகாப்பு விசாரணையில் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்ன விஞ்ஞானிகளில் முக்கியமானவர் டெல்லரே. எனினும், செருக்கின் விலையை எடுத்த காரியத்தின் தலையில் விழவிடாமல் காத்தபடியால், 1944-ல் ஓப்பன்ஹைமர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன்.

இவையெல்லாம் பெரிய மனிதர்களின் விஷயம். ஒரு பட்டறைக்குள் நுழைந்து பார்த்தால் இதே வியாதி வேறு உருவத்தில் கிடக்கும். பழைய கடைசல் எந்திரம் ஒன்று; அதில் இருபது வருஷம் நின்ற ஃபோர்மேன் ஒருவர். எந்தச் சாமானுக்கு எந்த அளவு, எந்த வேகம், உளியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர் சட்டைப்பையில் இருக்கும் எண்ணெய்க் கறை படிந்த சிறு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். ஷிப்டு முடிந்து போகும்போது, அடுத்து வருபவன் பார்த்துவிடாதபடி செட்டிங்கைக் கலைத்துவிட்டுத்தான் போவார். அவர் லீவில் போனால் எந்திரம் நிற்கும். எந்திரம் நின்றால் முதலாளி அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். அப்படி ஆள் வருவதுதான் அவருடைய கௌரவம். இவரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய செருக்குக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்: தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தம்மை யார் மதிப்பார்கள் என்ற பயம். இரண்டு பையன்களை அவரிடம் ஒப்படைத்து, இவர்களை நீங்கள்தான் ஆளாக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கென்று சம்பளத்திலும் ஏதாவது உயர்த்தி, பையன்கள் தேறியதை எல்லோரும் அறிய அவர் பெயரால் பாராட்டினால், நோட்டுப் புத்தகம் மெல்ல வெளியே வரும். வராமற்போனால், அவர் லீவில் போகும்வரை காத்திராமல் மற்றொருவரைப் பழக்கிவிடுவது முதலாளியின் கடமை. ஒரு மனிதனை நம்பி ஒரு பட்டறை நிற்கும்படி விடுவது, அந்த மனிதனுக்கும் செய்யும் தீங்கு.

தலைவரே செருக்கர் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பது, எழுதுவோர் தயங்கித் தாண்டிவிடும் கேள்வி. வள்ளுவர் தாண்டவில்லை. பொருட்பாலில் அவர் குற்றங்கடிதல் என்ற அதிகாரத்தை அரசனுடைய இலக்கணமாகவே அரசியலில் வைத்து, கடிய வேண்டிய குற்றங்களில் செருக்கையே முதலில் நிறுத்துகிறார். பிறரை ஆராய்ந்து வேலையில் அமர்த்தும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற அதிகாரங்கள் அதற்குப் பின்னரே வருகின்றன. இந்த வரிசைக்கு நவீன உலகம் ஒரு சான்று தந்திருக்கிறது. பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் 1947 டிசம்பரில் டிரான்ஸிஸ்டரை முதலில் செய்து காட்டியவர்கள் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டேனும். அவர்கள் குழுத்தலைவர் வில்லியம் ஷாக்லி. அந்தப் பெருமை நேரடியாகத் தமக்கு வராததைத் தாங்காத ஷாக்லி, அடுத்த மாதமே அதனினும் மேலான அமைப்பைத் தாமே தீட்டினார். அதுவரை அவருடைய செருக்கு உலகத்துக்கு லாபம். ஆனால் அதன் பின்பு அவருடன் வேலை செய்வது சகிக்க முடியாததாகி, பார்டீன் 1951-ல் இல்லினாய் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அங்கே செய்த வேலைக்கு 1972-ல் இரண்டாவது நோபல் பரிசு பெற்றார். கலிபோர்னியாவில் ஷாக்லி தொடங்கிய தனிக் கூடத்தில் பொறுக்கி எடுத்த இளைஞர்கள் சேர்ந்தார்கள். அவரோ அவர்களை நம்பாமல், ஒரு சிறு சம்பவத்துக்காகப் பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்காரவைக்கும் வரை போனார். 1957 செப்டம்பரில் எட்டுப்பேர் ஒன்றாக விலகி ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968-ல் இன்டெலை நிறுவினார்கள். ஷாக்லியின் கூடம் தேய்ந்து மறைந்தது.

மனிதர்களின் குணத்தைத் திருத்தக் காத்திராமல், வேலையின் முறையை மாற்றியே செருக்கைச் சமாளித்த துறை ஒன்று உண்டு; அது விமானப் போக்குவரத்து. 1977 மார்ச் 27-ல் டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். எதிரே இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று கே.எல்.எம். விமானத்தின் எந்திரப் பொறியாளர் சந்தேகத்துடன் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டு, தொடங்கிய ஓட்டத்தை நிறுத்தாமல் தொடர்ந்தார். அந்தக் கேப்டன் அவருடைய கம்பெனியில் பிறருக்குப் பயிற்சி தரும் மூத்தவர். கீழே இருந்தவர் இரண்டாந்தடவை வற்புறுத்தவில்லை. கேப்டனின் குணம் எப்படிப்பட்டது என்று நாம் எடைபோட வேண்டியதில்லை. 1978 டிசம்பரில் போர்ட்லண்டில் ஒரு யுனைடெட் விமானம், சக்கரக் கோளாற்றைக் கேப்டன் ஆராய்ந்துகொண்டே வட்டமிட்டதில், எரிபொருள் தீர்ந்து விழுந்து 10 பேர் இறந்தார்கள். அங்கும் எரிபொருள் குறைவதை உடனிருந்தவர் சொல்லத்தான் செய்தார், அழுத்திச் சொல்லவில்லை. 1981-ல் அந்தக் கம்பெனி, கேப்டனைக் கீழுள்ளவர் தயங்காமல் மறுத்துப் பேசவும், கேப்டன் அதைக் கேட்கவும் பயிற்றும் முறையைக் கொண்டுவந்தது. பின்னர் உலகெங்கும் அது பரவிற்று. மறுப்பது துடுக்கு அன்று, கடமை என்று விதியில் எழுதிவிட்டபடியால், மறுக்கப்பட்டவருடைய மானத்துக்கும் அதில் பங்கமில்லாமற் போயிற்று. ஆஸ்பத்திரியிலும் என்ஜினீயரிங் வேலைகளிலும் இதைக் கைக்கொள்ளலாம். நம் நாட்டில் இன்னும் பல இடங்களில் கைக்கொள்ளவில்லை என்பது வருந்தத்தக்கது.

தனிமையில் கண்டிப்பதும், நியாயமான புகழை மறைக்காமல் கொடுப்பதும், அதிகாரத்தின் எல்லையை முன்னதாகவே சொல்லி வைப்பதும், தகுதியான இடத்துக்கு மாற்றுவதும் எல்லாம் முயன்று பார்த்த பின்னும், ஒருவருடைய விலையைப் பிறர் கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர் எவ்வளவு பெரிய திறமைசாலி ஆனாலும் அனுப்பிவிட வேண்டும். அதைத் தாமதிப்பவர்கள் திறமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், வாய்திறக்காமல் ராஜினாமா எழுதிவிட்டுப் போகும் நாலைந்து இளைஞர்களின் திறமையை இழக்கிறார்கள், அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. ஸ்தாபனங்களை நடத்துபவர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பதவி உயர்வுப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு உட்காரும்போது, ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவருக்குக் கீழ் வேலை செய்து தாமாக விலகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எழுத ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.